ஐப்பசி ஈரமும் பட்டறை ஞானமும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கிழக்கே சிறுமலைத் தொடர் கூடவே வர, மேற்கே சமவெளி விரிந்து கிடக்க, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே போனால் எதிர்ப்படும் சின்னாளப்பட்டியைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் சேலையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள், அது நியாயமே. தறியால் பிழைத்த ஊர், தறியால் பெயர் பெற்ற ஊர். ஆனால் அந்தச் சேலைகளைத் தலைச்சுமையாகவும், மாட்டு வண்டியிலும், பின்னர் சைக்கிள் காரியரிலும், அதற்கும் பின்னர் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கி மேல் வைத்து அணைத்துக்கொண்டும் கடைவீதிகளுக்குக் கொண்டு சேர்த்தவர்களின் கதையும், அவர்களுடைய வண்டி மழைநாளில் நடுவழியில் நின்றபோது அதை மீண்டும் ஓடவைத்த பட்டறைக்காரர்களின் கதையும் சரித்திரத்தில் இடம்பெறத் தக்கவையே. அந்தப் பட்டறைகளில் வளர்ந்த ஒரு குறிப்பிட்ட வித்தையை, அதாவது ஈரத்தினால் எஞ்சின் இடறும்போது அந்த ஈரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கிரமமாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையை, அது உண்டான பூர்வ வரலாற்றோடு இங்கே எழுத விரும்புகிறேன்.

இந்தச் சமவெளி வறண்ட பூமி. ஆண்டில் பெரும்பகுதி வெயில்தான். வடகிழக்குப் பருவம் பிறந்து ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால்தான் மழை என்று சொல்லத்தக்க மழையைக் காணலாம். ஈரத்தினால் வரும் பழுது வறண்ட ஊரில் குறைவாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். விஷயம் அப்படியில்லை. எப்போதும் மழை பெய்யும் ஊரில் வண்டிக்காரன் எப்போதும் ஜாக்கிரதையாக இருக்கிறான். இங்கோ மாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் அடிக்கும் வெயிலில், பிளக்கின் தலையை மூடும் கேப்பும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஹெச்.டி. ஒயரின் ரப்பர் உறையும் மெல்ல மெல்ல விறைத்து, கண்ணுக்குப் புலப்படாத கீறல்களாக வெடித்து, ஒரு குற்றமும் வெளியில் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் மழை பெய்த மறுநாள் காலையில் அந்தக் கீறல்களிலெல்லாம் ஈரம் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அன்று ஊரில் பத்து வண்டி பட்டறை வாசலில் நிற்கும். கோடை செய்து வைத்த சேதத்தை ஐப்பசி வெளிப்படுத்துகிறது என்பதே இவ்வூர்ப் பட்டறைகளின் முதல் பாடம். இந்தப் பாடத்தை மனத்தில் கொள்ளாமல் மழையை மட்டும் திட்டுகிறவனுக்கு அடுத்த ஆண்டும் அதே இடத்தில் வண்டி நிற்கும்.

ஈரத்தைக் கவனிக்கும் பழக்கம் மோட்டார் வண்டியோடு இவ்வூருக்கு வந்ததில்லை. தேவாங்கர் முதலிய நெசவுக் குடும்பங்கள் பல தலைமுறையாகக் குழித்தறியில் உட்கார்ந்த ஊர் இது. பருத்தி நூல் ஓரளவு ஈரத்தை விரும்பும். வறண்ட காற்றில் இழை அறுந்து தொல்லை கொடுக்கும் பருத்தி, ஈரக்காற்றில் வலுவாக நிற்கும். ஆனால் சின்னாளப்பட்டிக்குப் புகழ் தேடித்தந்த செயற்கைப் பட்டு நூலின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. மரக்கூழிலிருந்து செய்யப்படும் அந்த நூல் நனைந்தால் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ இழந்துவிடும். ஆகையால் பட்டுப்போல் மின்னும் அந்தச் சேலைக்குப் பாவு தயாரித்தவர்கள் வானத்தைப் பார்த்தே வேலையைத் தொடங்கினார்கள். தெருநீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி பாய்ச்சி, தட்டித் தடவிக் காயவைக்கிற வேலைக்கு விடியற்காலையில் வெயிலின் உறுதிமொழி வேண்டும்; நடுவில் தூறல் விழுந்தால் ஒரு நாள் கூலி மட்டுமன்றி நூலும் போயிற்று. மழைக்காலம் என்றால் குழியில் ஊற்றெடுத்த ஈரம், வேலையில்லாத நாட்கள், கடன். இப்படி நூலின் ஈரத்தை விரல் நுனியால் அறிந்த குடும்பங்களிலிருந்து, தறி சுருங்கிய காலத்தில் பிள்ளைகள் சிலர் ஸ்பேனர் பிடிக்கப் போனார்கள். தொட்டுப் பார்த்து நிதானிக்கிற பழக்கம் அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்திருந்தது என்று நான் நம்புகிறேன்.

மோட்டார் சைக்கிளின் பொறிக்கும் ஈரத்துக்கும் உள்ள பகை வண்டியின் வயதளவு பழையது. 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனால்ட் என்ற யந்திர நிபுணர் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய பிறகுதான் பெட்ரோல் எஞ்சினுக்கு நம்பத்தகுந்த பொறி கிடைத்தது. பாட்டரியின் தயவின்றித் தன் சுழற்சியிலேயே மின்சாரம் உண்டாக்கும் அந்த மேக்னெட்டோவின் உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே மின்சாரம் கசியாமல் இருக்க அரக்கைக் கரைத்துப் பூசினார்கள். அந்த அரக்கில் பெரும்பகுதி நம் தேசத்துக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளைகளில் கட்டியது. சோட்டா நாகபுரியில் சேகரிக்கப்பட்டு, கல்கத்தாவில் கப்பலேறி, இங்கிலாந்தின் யந்திர சாலைகளில் பூசப்பட்டு, மேக்னெட்டோவுக்குள் அடங்கி, மீண்டும் இந்தியாவுக்கே வந்தது. வந்த இடத்தில் நம் உஷ்ணத்தில் இளகியது. நம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சியது. பழைய வண்டிகளின் மேக்னெட்டோவைக் கழற்றி, அதன் ஆர்மேச்சரை இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வாட்டி, உள்ளிருந்த ஈரத்தைப் போக்கிப் பூட்டுகிற வழக்கம் அதனால்தான் உலகெங்கும் உண்டாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா காட்டிலும் பசிபிக் தீவுகளிலும் ஈரத்தினாலும் பூஞ்சையினாலும் யந்திரங்களும் ரேடியோக்களும் செயலற்றுப்போன பிறகுதான், உஷ்ணப் பிரதேசங்களுக்கென்று தனியாகக் காப்புப் பூசவேண்டும் என்ற புத்தி மேல்நாட்டாருக்குத் தீவிரமாக வந்தது.

யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட நார்ட்டன், பி.எஸ்.ஏ., மேட்ச்லெஸ் வண்டிகள் ஏலத்தில் வந்து நம் ஊர்ச் சாலைகளில் ஓடத் தொடங்கிய காலத்தை அடுத்து, 1949 முதல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 350 சி.சி. புல்லட் வண்டிகள் எண்ணூறு வேண்டுமென்று கேட்டதன் விளைவாக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கின. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பின்னர் அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்து, திருவொற்றியூரில் கடற்காற்று வீசும் ஆலையில் புல்லட் முழுமையாகவே உருவாகலாயிற்று. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் சென்னைப் புல்லட் நிற்கவில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா, பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைகோ, சென்னைப் பாடியில் 1961-இல் ஏற்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். என்று, தென்னாட்டிலேயே வண்டியும் பிளக்கும் மின்கருவிகளும் செய்யும் நிலை ஒரு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அமைந்துவிட்டது.

டி.வி.எஸ். என்ற பெயர் இங்கே வரும்போது சின்னாளப்பட்டிக்காரர் யாரும் அடுத்த வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. மதுரையில் 1911-இல் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குமாரத்தியான டாக்டர் சௌந்தரமே, தம் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-இல் இவ்வூரின் விளிம்பில் காந்திகிராமத்தை நிறுவியவர். 1962-இல் திண்டுக்கல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர். தந்தை மோட்டார் வண்டியால் தென்னாட்டுச் சாலைகளை இணைத்தார். மகள் கிராமத் தொழிலும் ஆதாரக் கல்வியும் வைத்தியமும் என்று தம் வாழ்வை இந்தச் சாலையோர மண்ணில் செலவிட்டார். இந்த இரண்டு காரியங்களும் சந்திக்கிற இடம் கிராமத்து மெக்கானிக் என்பது என் அபிப்பிராயம். அவனும் கிராமத் தொழிலாளியே. அவனுடைய அறிவும் கிராமத்து அறிவே.

அந்த அறிவைப் புரிந்துகொள்ள, புல்லட் முதலிய பழைய வண்டிகளில் பொறி எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் சொல்லவேண்டும். ஆறு வோல்ட் பாட்டரியிலிருந்து மின்சாரம் காயிலின் முதல் சுற்றுக்குள் ஓடி, பாயிண்ட் எனப்படும் இரண்டு சிறு உலோக முனைகளின் வழியே பூமிக்கு இறங்கும். எஞ்சின் சுழலச் சுழல ஒரு காம் அந்த முனைகளைப் பிரிக்கும்; பிரியும் கணத்தில் அங்கே தீப்பொறி தாவி முனை கருகாதபடி கண்டென்சர் என்ற சிறு டப்பா மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும்; காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியும்; சரிந்த வேகத்தில் அதன் இரண்டாவது சுற்றில் ஆறு வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி, ஒயர் வழியே பிளக்குக்கு வந்து, அரை மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழும். இத்தனையும் ஒரு நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை தவறாமல் நடந்தால்தான் வண்டி சீராக ஓடும். ஈரம் இதை இரண்டு இடங்களில் கெடுக்கிறது. பாயிண்ட் முனைகளில் படிந்து துருப்போன்ற மெல்லிய படலத்தை உண்டாக்கினால், ஆறு வோல்ட் என்ற அற்ப அழுத்தம் அந்தப் படலத்தைத் துளைக்க முடியாமல் நின்றுவிடுகிறது. ஒயரின் மேலும் கேப்பின் உட்புறமும் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலும் படிந்தால், கடைமடை வயலுக்குப் போகவேண்டிய நீர் வழியிலேயே நண்டு வளைக்குள் இறங்குவதுபோல, பிளக்குக்குள் தாவவேண்டிய மின்சாரம் அழுக்கும் ஈரமும் சேர்ந்த பாதையில் ஊர்ந்து எஞ்சினின் வெளி உலோகத்திலேயே இறங்கிவிடுகிறது.

மழை விட்ட காலையில் ஒரு சேலை வியாபாரி புல்லட்டைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தகர ஓட்டின் கீழ் மண்ணெண்ணெய் வாடையோடு இருக்கும் அந்தப் பட்டறையில், தேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வாயைத் திறப்பார்.

"எப்ப மிஸ்ஸடிக்குது மாமா? எடுத்தவுடனேயா, போகப் போகவா?"

"எடுத்தவுடனதான்ப்பா. காந்திகிராமம் தாண்டுறதுக்குள்ள தானாச் சரியாப் போகுது."

"மேடு ஏறையில?"

"அப்பத்தான் உசுரை வாங்குது. சைலன்சர்ல டப்பு டப்புன்னு வெடி வேற."

"நேத்து மழையில நின்னுச்சா, இல்ல கழுவுனீங்களா?"

இந்த மூன்று நான்கு கேள்விகளில் பாதி நிர்ணயம் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் இடறி, சூடேறியதும் தெளிகிற பழுது பெரும்பாலும் ஈரத்தின் வேலை. எஞ்சினின் சூடே ஈரத்தை உலர்த்திவிடுகிறது. காலையில் நன்றாக ஓடி, பத்து மைல் போய்ச் சூடானபின் இடறத் தொடங்கினால் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகிக்க வேண்டும். அவை சூட்டில் சோர்பவை. மேட்டில் அதிகம் இடறுவதற்கும் காரணம் உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக சிலிண்டருக்குள் நெரிபடும் வாயுவின் அழுத்தம் கூடுகிறது. அந்த நெரிசலைத் துளைக்கப் பொறிக்கு மேலும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அப்போது மின்சாரம் கடினமான உள்வழியை விட்டு ஈரமான வெளிவழியைத் தேர்ந்துகொள்கிறது. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் ஒழுங்காக ஓடுகிற வண்டி, ஆள் ஏறி மேட்டில் போகும்போது மட்டும் முரண்டுபிடிப்பதன் சூட்சுமம் இதுவே. எரியாமல் வெளியேறிய பெட்ரோல் ஆவி சூடான சைலன்சருக்குள் போய்ப் பற்றிக்கொள்வதே அந்த வெடிச்சத்தம்.

பெட்ரோல் கோளாறும் இடறலை உண்டாக்கும் ஆதலால், இரண்டையும் பிரித்தறிவது அடுத்த படி. பெட்ரோல் போதாத வண்டி மூச்சிழுத்து மூச்சிழுத்துச் சோர்ந்து அடங்கும். பொறி தவறும் வண்டி வெட்டு வெட்டாக, விட்டு விட்டு, திடீரென்று அறுந்து திடீரென்று பிடிக்கும். இந்த வித்தியாசத்தைக் காதாலேயே கண்டுகொள்கிறவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள்: முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் வரவில்லை என்று அர்த்தம், உலர்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயும் ஈரம் வேறு வேஷத்தில் இருக்கலாம். பாதி காலியான டாங்கியின் உட்சுவரில் இரவுக் குளிரில் படிந்த பனியும், மூடியின் ஓரமாக இறங்கிய மழைத்துளியும் பெட்ரோலைவிடக் கனமானவையாதலால் அடியில் இறங்கி, கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் தேங்கி, ஜெட்டின் வாயை அடைக்கும். கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தால், பெட்ரோல் பரவி ஆறி மறைய, தண்ணீர் மட்டும் உருண்டை உருண்டையாகக் கையில் நிற்கும். இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் தேவையில்லை.

பொறிப் பக்கம்தான் குற்றம் என்று தெரிந்தபின், புல்லட்டின் முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்ப் மீட்டர் வழி காட்டும். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் சேரும்போது முள் இடப்பக்கம் சாயும். பிரியும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசைந்தால் முதல் சுற்று நலமாக இருக்கிறது. கேப்பையும் ஒயரையும் பார்க்கவேண்டும். முள் மரம்போல நின்றால் பாயிண்டில்தான் படலம் கட்டியிருக்கிறது. சிலிண்டருக்குப் பின்னால் சிறு கிண்ணம்போல் இருக்கும் அந்த அறையின் மூடியைத் திறந்து, முனைகளைச் சன்னமான எமரித் தாளால் ஒரே ஒரு முறை இழுத்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் தூசியையும் எடுத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவார்கள். தேய்க்கத் தெரியாதவன் முனையைச் சாய்வாகத் தேய்த்துவிடுவான். அது அடுத்த மாதமே பள்ளம் விழும். தொழில் பழகும் பையனுக்கு ஆசான் கையைத் தட்டிக் கற்றுக்கொடுத்தது இந்த இடத்தில்தான்.

ஒயரும் கேப்பும் ஒளித்து வைத்திருக்கிற கசிவைக் காண்பதற்குப் பட்டறைகள் கையாண்ட முறை, எந்தப் பாடப்புத்தகத்துக்கும் சளைத்ததன்று. பொழுது சாய்ந்தபின் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து விரல்களால் ஒயரின் மேல் லேசாகத் தெளிப்பார்கள். கசிவு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் நீலநிறமாக ஒரு நூல் ஓடி, சடசடவென்று ஒலி எழும். எஞ்சின் அதே கணத்தில் இடறும். பழுதைத் தேடி அலையாமல், பழுதையே வரவழைத்துக் காண்கிற இந்த முறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை உண்டாகிறது. பரிசோதனை விஞ்ஞானத்தின் சாரம் அதுதானே? காரணம் என்று சந்தேகிப்பதை வேண்டுமென்றே கூட்டிப் பார்த்து, விளைவு கூடுகிறதா என்று காண்பது.

பரிகாரமும் எளியதே. காசு இருந்தால் புது ஒயர், புது கேப். இல்லாவிட்டால் கேப்பைக் கழற்றி உட்புறம் துடைத்து, பிளக்கின் பீங்கானை அழுக்கு நீங்கத் தேய்த்து, சூட்டில் வாட்டிப் பூட்டி, பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி கேப்பின் கழுத்தில் உறையாக இழுத்துவிடுவார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் 1953-இல் நீரை விரட்டுவதற்கென்றே ஒரு ரசாயனக் கலவையை நாற்பதாவது முயற்சியில் கண்டுபிடித்து, டபிள்யூ.டி.40 என்று பெயரிட்டு, ராக்கெட்டின் உலோகத்தைத் துருவிலிருந்து காக்கப் பயன்படுத்தினார்கள். இன்று நம் கடைகளிலும் அது கிடைக்கிறது. சைக்கிள் டியூப் அதற்கு முன்பும் கிடைத்தது, அதற்குப் பின்பும் கிடைக்கிறது.

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபிறகு இவ்வூரில் வண்டி என்பதற்கே அர்த்தம் மாறியது. புல்லட் வசதியுள்ளவரின் வண்டி. மொபெட்டோ நெசவாளியும் கூலிக்காரரும் வாங்கத்தக்கது, சேலை மூட்டையைக் காலடியில் வைத்துப் போகத்தக்கது. அதன் பாயிண்ட் சுழலும் ஃப்ளைவீலுக்கு உள்ளே இருந்ததாலும், வண்டி தரையோடு தரையாகத் தாழ்ந்திருந்ததாலும், தெருவில் தேங்கிய நீரில் இறங்கினால் மின்சாரம் பிறக்கிற இடத்திலேயே ஈரம் ஏறியது. மழை மட்டுமின்றி ஆயுத பூஜையும் இவ்விஷயத்தில் பங்கு கொண்டது. பூஜைக்கு முதல்நாள் பக்தியோடு வண்டியின் மூலைமுடுக்கெல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்க நினைக்கும்போது வண்டி கிளம்பாது. அன்றைக்கு மெக்கானிக்குக்குப் பொரிகடலையோடு வேலையும் கிடைக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவில் வந்த நூறு சி.சி. வண்டிகளோடு பாயிண்டின் காலம் அஸ்தமிக்கத் தொடங்கிற்று. சி.டி.ஐ. எனப்படும் மின்னணுப் பெட்டியில் தேய முனையில்லை, கருக முனையில்லை. மின்சாரம் ஏறும் வேகமும் மிக அதிகமாதலால், சிறு கசிவு இருந்தாலும் கசிவதற்குள் பொறி விழுந்துவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் கார்புரேட்டரும் போய், பெட்ரோலைக் கணக்கிட்டுப் பீய்ச்சும் கருவியும், அதற்கு ஆணையிடும் கணினியும், பழுதைச் சொல்லும் மஞ்சள் விளக்கும் வந்தன. நன்மையை நன்மை என்றே சொல்லவேண்டும்: மழையில் நடுவழியில் நிற்பது குறைந்திருக்கிறது, புகை குறைந்திருக்கிறது. ஆனால் ஈரம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. இன்று அது ஒயர்களை இணைக்கும் கப்ளர்களின் ஊசிகளில் பச்சைக் களிம்பாக இருக்கிறது. சர்வீஸ் நிலையங்களில் வேகமாகப் பீய்ச்சும் நீரோடு உள்ளே போகிறது. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கும் இன்றைய நாளில் அது டாங்கிக்குள்ளும் புதிய வழியில் நுழைகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சித் தன்னோடு கலந்துகொள்ளும் இயல்புடையது, அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் ஒன்றாகச் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஸ்கேனரில் தெரிகிற எண் இன்ன பாகத்தில் கோளாறு என்றுதான் சொல்லும். அது கோடையில் விறைத்த ரப்பரா, நேற்றுக் கழுவிய தண்ணீரா, மூன்று மாதம் நின்ற வண்டியின் பெட்ரோலா என்பதைக் கேட்டறிய இன்னும் ஒரு மனிதன் வேண்டியிருக்கிறது. எண்ணைப் பார்த்துப் பாகத்தை மாற்றுகிறவர்கள் பெருகிவரும் காலத்தில், கேள்வி கேட்டுக் காரணத்தை அடைகிறவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பதே என் கவலை.

பாயிண்டைக் கையால் தேய்த்துப் பழகிய அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. பல பட்டறைகள் மூடப்பட்டு, அந்த இடங்களில் வேறு கடைகள் வந்துவிட்டன. தறியின் வரலாற்றை எழுதிவைக்கப் பல கரங்கள் உண்டு. ஸ்பேனரின் வரலாற்றை எழுத யாரும் முன்வருவதில்லை. கிராமத்து அறிவைப் போற்றுவதற்கென்றே பிறந்த காந்திகிராமப் பல்கலைக்கழகம் இவ்வூரை ஒட்டியே இருக்கிறது. அதன் ஆசிரியர்களும் மாணவர்களும், வரும் ஐப்பசிக்குள் ஒலிப்பதிவுக் கருவியோடு சின்னாளப்பட்டி, அம்பாத்துரை, ஆத்தூர்ப் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்கும் வரிசையிலேயே, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.